பாய்லர், ஜென்செட், போர்க்லிப்ட்: டீசல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

பினாங்கின் பிறையிலோ புக்கிட் மிஞ்ஞாக்கிலோ சிறிய தொழிற்சாலை நடத்துபவருக்கு டீசல் பெரும்பாலும் மூன்று வழிகளில் செலவாகிறது: நீராவிக்குப் பாய்லர், மின்தடைக்கு ஜென்செட் (ஜெனரேட்டர்), சாமான் தூக்கப் போர்க்லிப்ட். மூன்றுக்கும் ஒரே எண்ணெய் போவதால் முடிவையும் ஒன்றாகவே எடுத்துவிடுகிறார்கள். “எல்லாம் டீசலிலேயே இருக்கட்டும்” என்பார் ஒருவர். விலை ஏறிய கோபத்தில் “எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பணத்தை இழப்பார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கணக்கு தனி. அந்தக் கணக்கில் லிட்டர் விலைக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்று டேங்கில் ஊற்றும் ஒரு லிட்டர், எரிவதற்கு எத்தனை நாள் காத்துக் கிடக்கும்?

பாய்லரில் அது சில நாள். போர்க்லிப்டில் ஒரு வாரம், இரண்டு வாரம். ஜென்செட்டில் பல ஆண்டுகள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

விலையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் நிலையங்களில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்குப் போனது. அன்று முதல் அது சந்தையோடு ஏறி இறங்குகிறது. தொழிற்சாலை எரிபொருளுக்கு அரசு உதவித்தொகையோடு விற்ற அந்தப் பழைய விலை முன்பும் உரியதாக இருந்ததில்லை. ஆனாலும் அந்த 2.15 எல்லோருடைய மனதிலும் டீசலின் ‘உண்மை விலை’யாகப் பதிந்துபோனது. பழைய முடிவுகள் பல அந்த எண்ணை வைத்தே எடுக்கப்பட்டவை; அவற்றைத் திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் இது. இந்தக் கட்டுரையில் கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 3 ரிங்கிட், மின்சாரம் யூனிட் (ஒரு கிலோவாட் மணி) 45 சென் என்று வைத்துக்கொள்கிறோம். 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள தீபகற்ப அடிப்படைக் கட்டணத்தின் சராசரி 45.40 சென். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணையும் மனதில் வைக்கவேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த பாய்லர் அதில் 8.5 யூனிட்டை நீராவியாக்கும். நல்ல சுமையில் ஓடும் ஜென்செட் அதே லிட்டரிலிருந்து 3.5 யூனிட் மின்சாரம்தான் தரும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். எண்ணெய் ஒன்றுதான், ஆனால் எதில் எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பி7, பி10, பி20: எந்த டீசல்?

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது ஏறத்தாழ 160 முதல் 370 பாகை செல்சியஸ் வரை ஆவியாகும் பகுதியே டீசல். பெட்ரோலைவிடக் கனமானது, எளிதில் பற்றாதது. அறை வெப்பத்தில் தீக்குச்சி காட்டினாலும் பெட்ரோல்போலச் சட்டென்று பிடிக்காது. பற்றக்கூடிய ஆவி எழும்ப 55, 60 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். தொழிற்சாலைக்குள் வைக்கத் துணிவது இதனால்தான். இஞ்சினிலோ தீப்பொறியே கிடையாது. காற்றை 500 பாகைக்கு மேல் சூடேறும் அளவுக்கு அழுத்தி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் இதற்கு 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயங்கும் இஞ்சினாகக் காட்டினார்.

மலேசியாவில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கும். பி7 என்றால் 7 விழுக்காடு, பி10 என்றால் 10. 2019 பிப்ரவரி முதல் போக்குவரத்துக்குப் பி10, அதே ஆண்டு ஜூலை முதல் தொழில்துறைக்குப் பி7 என்பது கட்டாயம். பி20 லங்காவி போன்ற சில இடங்களில் 2020இல் தொடங்கியது. யூரோ 5 தரம் 2021 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது. அதற்கு முந்தைய யூரோ 2எம் தரத்தில் 500 பிபிஎம் வரை அனுமதி இருந்தது.

தினமும் எரிக்கும் இயந்திரத்துக்கு இந்த மூன்றில் எதை ஊற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பி7க்கும் பி10க்கும் இடையே வெப்ப அளவில் ஒரு விழுக்காடுகூட வேறுபடாது. கந்தகத்தை நீக்கும்போது எண்ணெயின் வழவழப்பும் குறைந்துவிடும், அது பம்ப்புக்கு ஆகாது. பயோடீசல் அந்த வழவழப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வகையில் அது நன்மையே.

கிடப்பில் போடும் எண்ணெய்க்குத்தான் இந்தத் தேர்வு முக்கியம். பயோடீசல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண டீசலில் கரையும் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதில் கரையும். பினாங்கின் ஈரக்காற்று டேங்கின் காற்றுக்குழாய் வழியாகப் பகலில் வெளியே போய், இரவில் உள்ளே வந்து, சுவரில் வியர்த்து அடியில் இறங்குகிறது. கலவை விழுக்காடு கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். கலப்பு டீசலை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே ஜென்செட் டேங்கிற்குப் பி7. பி10 கிடைக்கிறதே, எல்லாம் ஒன்றுதானே என்று அதை ஊற்றி இரண்டு ஆண்டு விட்டுவைக்காதீர்கள்.

பழைய டேங்கில் முதன்முறையாகப் பயோடீசல் ஊற்றும்போது இன்னொன்று நடக்கும். அது கரைப்பான் மாதிரி வேலை செய்து, சுவரில் ஆண்டுக்கணக்காய்ப் படிந்த கசடைக் கிளப்பிவிடும். முதல் இரண்டு மூன்று டேங்க் தீரும்வரை ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் கெட்டது என்று நினைத்துச் சப்ளையரோடு சண்டைக்குப் போகவேண்டாம். மாற்று ஃபில்டர் நாலு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். டேங்கும் குழாயும் கால்வனைஸ் செய்ததாகவோ செம்பு, பித்தளையாகவோ இருக்கக்கூடாது. துத்தநாகமும் செம்பும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். சாதாரண இரும்போ எஃகோ நல்லது.

ஜென்செட்: எரிபொருளைவிடக் கிடப்புதான் பிரச்சினை

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 100 கேவிஏ ஜென்செட், அதாவது 80 கிலோவாட். முழுச் சுமையில் மணிக்கு 22 லிட்டரை ஒட்டி எரிக்கும். பாதிச் சுமையில் 12 லிட்டர். தீபகற்பத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு ஏற்படும் சராசரி மின்தடை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மாதம் அரை மணி நேரச் சோதனை ஓட்டத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏழு மணி நேரம். பாதிச் சுமையில் செலவு 84 லிட்டர். டேங்கோ 1,000 லிட்டர். அந்த டேங்க் தீர ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு ஆகும்! ஆறு மாதத்தில் எரிக்கவேண்டிய எண்ணெய் அது.

“டேங்க் நிறைய இருந்தால்தான் நிம்மதி” என்று பலர் சொல்வார்கள். அந்த நிம்மதி பொய்யானது. உண்மையில் மின்சாரம் போகும் அன்று, ஜென்செட் பத்து நிமிடம் ஓடிவிட்டு, மூச்சுத்திணறி நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கருப்புச் சேறு.

டேங்கின் நிலையைக் கண்ணால் பார்க்க ஒரே ஒரு கண்ணாடிப் புட்டி போதும். டேங்கின் அடி வடிகுழாயைத் திறந்து முதல் அரை லிட்டரைப் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நல்ல எண்ணெய் வெளிர்மஞ்சளாய், அந்தப் பக்கம் வைத்த எழுத்தை வாசிக்கும் அளவுக்குத் தெளிவாய் இருக்கும். மங்கலாக இருந்தால் தண்ணீர் கரைந்திருக்கிறது. அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி, அதற்கும் எண்ணெய்க்கும் நடுவே பாலாடை மாதிரி பழுப்பாய் ஒரு படலம் தொங்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறிவிட்டன என்று பொருள். அவை தண்ணீரில் வாழ்ந்து எண்ணெயைத் தின்னும். அவை விடும் அமிலம் டேங்கின் அடித்தட்டை உள்ளிருந்தே அரிக்கும். புட்டியை முகர்ந்தால் புளித்த வாடை வரும். இந்த நிலையில் கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் ஊற்றினால் செத்த படலம் மொத்தமாகப் பெயர்ந்து ஃபில்டரை அடைக்கும். முதலில் தண்ணீரை வடித்து, டேங்கின் அடியைச் சுத்தம் செய்து, எண்ணெயை ஃபில்டரில் சுற்றவிட்டு, அப்புறம்தான் மருந்து.

இதைவிட எளிய வழி, எண்ணெயைக் கிடக்கவிடாமல் இருப்பதுதான். உங்களிடம் டீசல் பாய்லரோ போர்க்லிப்டோ இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜென்செட் டேங்கின் எண்ணெயை வடிகட்டி அவற்றுக்கு அனுப்பிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். பாய்லர் ஒரே நாளில் தீர்த்துவிடும். இல்லாவிட்டால் டேங்கைச் சிறியதாக்குங்கள். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 100 லிட்டரிலிருந்து 180 லிட்டர் போதும். பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. மருத்துவமனை, குளிர்கிடங்கு போன்ற இடங்களின் கணக்கு வேறு.

கிடப்புக்கு அடுத்த குறை சுமை. பெரிதாய் வாங்கி வைத்தால் பாதுகாப்பு என்று 200 கேவிஏ வாங்கி, அதில் விளக்கும் இரண்டு கம்ப்யூட்டரும் மட்டும் ஓட்டுவார்கள். 30 விழுக்காட்டுக்கும் கீழே ஓடும் டீசல் இஞ்சின் போதிய சூடு ஏறாமல், எண்ணெயை முழுக்க எரிக்காது. எரியாத எண்ணெயும் கரியும் சேர்ந்து புகைக்குழாய் இணைப்பில் கருப்புத் தாராய் வழியும். சோதனை ஓட்டத்தைச் சுமையில்லாமல் ‘ஓட்டிப் பார்த்தோம், ஓடுகிறது’ என்று முடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. மாதம் ஒருமுறை, குறைந்தது 30 விழுக்காடு சுமையில், 30 நிமிடம் ஓடவேண்டும். அவ்வளவு சுமை கிடைக்காவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை லோட் பேங்க் என்ற செயற்கைச் சுமைக் கருவியைக் கொண்டுவந்து ஓட்டவேண்டும்.

ஆனால் அளவைக் குறைக்கும்போது மோட்டாரை மறக்கக்கூடாது. 30 கிலோவாட் கம்ப்ரசரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அந்த நொடியில் இயல்பு மின்னோட்டத்தைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டா இணைப்பு வழியாக ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று மடங்கு. மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தினால், 150 கேவிஏ வாங்கவேண்டிய இடத்தில் 100 கேவிஏ போதுமாகிவிடும். ஜென்செட் வாங்குமுன் இந்தச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்தடையன்று ஸ்டார்ட் ஆகாத ஜென்செட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணெயை அல்ல, ஸ்டார்ட் பேட்டரியை. நம் வெயிலில் அது இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. 24 வோல்ட் அமைப்பில் இஞ்சினைச் சுற்றும் நேரத்தில் வோல்ட் மீட்டர் 18, 19க்குக் கீழே விழுந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

சரி, ஜென்செட்டுக்குப் பதிலாக வேறென்ன இருக்கிறது? கூரையில் சோலார் இருந்தாலும் மின்சாரம் போனால் அந்தச் சோலாரின் சாதாரண இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சோலார் இருக்கிறதே, ஜென்செட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை. லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரத் தடையைச் சத்தமில்லாமல் தாங்கும், மில்லி நொடியில் பொறுப்பேற்கும். ஜென்செட்டுக்கோ பத்துப் பதினைந்து நொடி ஆகும். கம்ப்யூட்டர், கட்டுப்பாட்டுப் பலகை, நடுவில் நிற்கக்கூடாத சிறு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பேட்டரிதான் சிறந்தது. நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று வரும்போது பேட்டரியின் விலை தாங்காது. அங்கே டீசலுக்கு இன்றும் ஈடில்லை. முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நிறுத்தத்துக்கு மட்டும்தான் தேவை என்றால் வாங்கவே வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

ஜென்செட்டை அன்றாட மின்சாரத்துக்கு ஓட்டலாமா என்ற கேள்விக்கு ஒரே வரிப் பதில்: யூனிட்டுக்கு எண்ணெய்ச் செலவே 86 சென் ஆகும், மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் வேண்டாம்.

பாய்லர்: இங்கேதான் பணம் இருக்கிறது

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையிலுள்ள ஓட்டல்களின் துணியை வெளுக்கும் சலவை ஆலையோ, மீ (நூடுல்ஸ்) ஆலையோ, எதுவாக இருந்தாலும் மணிக்கு ஒரு டன் நீராவி என்றால் 80 லிட்டர் டீசலை ஒட்டிச் செலவாகும். ஊட்டும் தண்ணீர் 80 பாகையில் இருக்கும்போது உள்ள கணக்கு இது; பச்சைத் தண்ணீரை நேரே விட்டால் 86க்குப் போகும். நாளுக்குப் பத்து மணி நேரம், சராசரியாக அறுபது விழுக்காடு சுமை என்றால் 480 லிட்டர், அதாவது 1,440 ரிங்கிட். மாதம் 26 நாளுக்கு 37,000 ரிங்கிட்டைத் தாண்டும். ஜென்செட்டில் நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்க மல்லுக்கட்டும் முதலாளி, பாய்லருக்குப் போகும் இந்த எண்ணெய்க் குழாயைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மாற்று எரிபொருள்களை ஒப்பிட ஒவ்வொன்றையும் டீசல் லிட்டராக மாற்றுங்கள். குழாய் எரிவாயுவை எம்எம்பிடியு என்ற வெப்ப அளவின் கணக்கில் விற்கிறார்கள். அது 293 யூனிட், ஆகவே 29 லிட்டர் டீசலுக்குச் சமம் என்று விற்பனையாளர் சொல்வார். கவனம்: எரிவாயுவின் வெப்பத்தை மொத்த மதிப்பில் கணக்கிட்டு பில் போடுகிறார்கள், அதில் பத்து விழுக்காடு, எரியும்போது உண்டாகும் தண்ணீர் ஆவியோடு புகைபோக்கியில் போய்விடும். நடைமுறையில் 26, 27 லிட்டர் என்று வையுங்கள். டீசல் 3 ரிங்கிட் என்றால், எரிவாயு எம்எம்பிடியுவுக்கு 80 ரிங்கிட் வரை போனாலும் டீசலுக்கு நிகராகவே நிற்கும். குழாய் உங்கள் வாசல் வரை வந்திருந்தால் அதற்கு மாறுவதில் தயங்கவேண்டாம். ஆனால் பர்னரை வாங்கும்போது இரட்டை எரிபொருள் பர்னராக வாங்குங்கள். எரிவாயு நிற்கும் நாளில் டீசல் கைகொடுக்கும்.

50 கிலோ சமையல் வாயு சிலிண்டர் ஒன்று 64 லிட்டர் டீசலுக்குச் சமம். சிறிய பாய்லருக்கு, சுத்தமான சுடருக்கு அது சரி. ஒரு டன் பாய்லருக்கு நாளுக்கு ஏழெட்டு சிலிண்டர் மாற்றிக்கொண்டிருப்பது வேலைக்காகாது.

மின்சாரப் பாய்லர் ஒரு டன் நீராவிக்கு 680 யூனிட் இழுக்கும், 306 ரிங்கிட். டீசலில் அதே நீராவி 240 ரிங்கிட். அதற்கும் மேல் அது உங்கள் உச்சத் தேவைக் கட்டணத்தை (மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரத்துக்கான கட்டணத்தை) தூக்கிவிடும். மணிக்கு ஐம்பது, நூறு கிலோ நீராவி மட்டும் வேண்டிய இடத்துக்கே அது பொருந்தும்.

இந்த நாட்டுக்கே உரிய போட்டியாளர் செம்பனைக் கொட்டை ஓடு. பாய்லரின் திறன் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லிட்டர் டீசலின் வேலைக்கு இரண்டரைக் கிலோ ஓடு தேவை. ஒரு டன் ஓடு 400 லிட்டர் டீசலுக்குச் சமம், அதாவது 1,200 ரிங்கிட் மதிப்புள்ள டீசல். உங்களிடம் சொல்லும் டன் விலையை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். எரிபொருள் செலவில் ஓடு வெல்லும் என்பதில் சந்தேகமில்லை. தோற்பது வேறு இடங்களில். சாம்பலை அள்ள ஆள், ஓட்டை நனையாமல் வைக்கக் கூரையுள்ள இடம், தூசியைப் பிடிக்கச் சைக்ளோனோ பை ஃபில்டரோ வேண்டும்; புகையைச் சுற்றுச்சூழல் துறையின் 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிகளுக்குள் வைக்கவேண்டும். நெருப்பைச் சட்டென்று கூட்டவோ குறைக்கவோ முடியாது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராக நீராவி இழுக்கும் ஆலைக்கு ஓடு. காலை ஆறு மணிக்கு மூட்டி, பத்து இயந்திரமும் ஒரே நேரத்தில் திறந்து மூடி, மாலையில் அணைக்கும் சலவை ஆலைக்கு டீசலோ எரிவாயுவோ.

டீசலிலேயே தொடர்வது என்று முடிவெடுத்தாலும் பில்லைக் குறைக்க இடமிருக்கிறது. புகைபோக்கியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். 7 பார் அழுத்தத்தில் நீராவி 170 பாகை. புகை அதைவிட ஐம்பது அறுபது பாகை கூடுதலாக இருப்பது நல்லது. 280 காட்டினால் குழாய்களில் கரியோ தண்ணீர்ப் பக்கம் சுண்ணமோ படிந்திருக்கிறது. ஒவ்வொரு 22 பாகைக்கும் ஒரு விழுக்காடு எண்ணெய் வீணாகிறது. நீராவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் விடாமல் திருப்பிக் கொண்டுவந்தால், ஊட்டும் தண்ணீரின் சூடு 6 பாகை ஏறும்போதெல்லாம் ஒரு விழுக்காடு மிச்சம். 37,000 ரிங்கிட்டில் பத்து விழுக்காடு என்பது ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கும் மேல்.

புகையின் நிறமும் பேசும். கருப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் தேய்ந்து எண்ணெய் துளித்துளியாய் விழுகிறது. வெள்ளைப் புகை வந்தால் காற்று அதிகம், அல்லது எண்ணெயில் தண்ணீர். புகையில் ஆக்சிஜன் 3, 4 விழுக்காட்டில் நிற்கும்படி பர்னரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கருவியில்லாமல் கண்ணால் பார்த்துச் சரிசெய்பவரிடம் பர்னரைக் கொடுக்காதீர்கள்.

போர்க்லிப்ட்

இரண்டரை டன் டீசல் போர்க்லிப்ட் மணிக்கு 3 லிட்டரை ஒட்டிக் குடிக்கும், 9 ரிங்கிட். அதே வேலைக்கு மின்சார வண்டி சார்ஜ் இழப்பையும் சேர்த்து நாலரை யூனிட், 2 ரிங்கிட். தெனாகாவின் நேரவாரிக் கட்டணத்தில் வார நாட்களில் உச்ச நேரம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. பத்து மணிக்குப் பிறகு சார்ஜ் போட்டால் இன்னும் குறையும். மணிக்கு 7 ரிங்கிட் மிச்சம். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 13,000 ரிங்கிட்டை ஒட்டி வரும். வண்டி விலையின் வித்தியாசத்தை அதோடு ஒப்பிடலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் லோரி வரும்போது மட்டும் எடுப்பதானால் மிச்சம் சொற்பம்தான்.

பணத்துக்கு மேல் ஒரு காரணம் உண்டு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் வகைப்படுத்தியது. மூடிய கிடங்குக்குள் நாள் முழுக்க டீசல் வண்டியின் பின்னால் நின்று சரக்கு எண்ணும் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போவது அந்தப் புகைதான். கிடங்குக்குள் மின்சார வண்டி என்பதில் பேரம் பேசாதீர்கள். வாயு வண்டியும் இதற்குத் தீர்வல்ல. அது கார்பன் மோனாக்சைடு விடும், வாசனையில்லாமல்.

திறந்த வெளி, செம்மண் தரை, மழை, நாலு டன் பாரம் என்றால் டீசல். ஈய-அமில பேட்டரி வண்டிக்கு எட்டு மணி நேரம் சார்ஜ், கிட்டத்தட்ட அதே அளவு ஆறவிடவும் வேண்டும், சார்ஜ் முடிந்த பின்னரே சுத்த நீர் ஊற்றவேண்டும், சார்ஜ் போடும் இடத்தில் ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். இரண்டு ஷிப்ட் ஓடும் இடத்தில் லித்தியமே பொருந்தும், தேநீர் நேரத்தில்கூட சார்ஜ் போடலாம்.

எக்ஸ்கவேட்டர், பைலிங் இயந்திரம், இழுவைப் படகு போன்றவற்றுக்கு இப்போதைக்கு ஒப்பீடே தேவையில்லை, டீசல்தான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் எண்ணெய் பீய்ச்சும் புதிய காமன்ரெயில் இஞ்சினா, பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சினா என்பதே அங்கே தேர்வு. காமன்ரெயில் 1,600 பாருக்கும் மேல் அழுத்தத்தில் பீய்ச்சும். எண்ணெய் மிச்சம், புகை குறைவு, ஆனால் ஒரு துளி தண்ணீர் இன்ஜெக்டரைக் கொன்றுவிடும். எண்ணெய் சுத்தமாக வருமென்று உறுதி சொல்ல முடியாத இடத்தில் பழைய பம்ப்பே பிழைக்கும்.

வாங்குவதும் வைப்பதும்

தொழிலுக்கான டீசலை உரிமம் பெற்ற விநியோகிப்பாளரிடம் டேங்கர் லோரியில் வாங்குவதே முறை. டீசல் 1961ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு விநியோகச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். சேமித்து வைக்கவும், நிலையத்தில் டோங்கில் (பீப்பாயில்) பிடிக்கவும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அனுமதி தேவை. டேங்க் வாங்குமுன் அங்கே கேட்டுவிடுங்கள்.

டேங்கைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்கும் தொட்டிச் சுவர் கட்டவேண்டும்: 1,000 லிட்டருக்கு 1,100. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழையில் இந்தத் தொட்டி நிரம்பிவிட்டால், கசிவு நேரும் நாளில் பிடிக்க இடமிருக்காது. வடிகால் வால்வை மூடியே வைத்து, மழைநீரைப் பார்த்து எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் மட்டும் திறந்துவிடுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் அடியிலிருந்து 50, 75 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். கழிவு எண்ணெய், கசடு, பழைய ஃபில்டர், எண்ணெய்த் துணி எல்லாம் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவு. 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. டீசலில் கை கழுவும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், தோல் வெடித்துப் புண்ணாகும்.

டேங்கர் வந்ததும் முத்திரை எண் டெலிவரி ஆர்டரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டேங்கில் அளவுகோலை விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவுங்கள்; நிறம் மாறிய உயரம் வரை தண்ணீர். இறக்கிய பின் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அளங்கள். வெயிலில் வந்த எண்ணெய் 35 பாகையில் இறங்கி இரவில் 28க்குக் குளிர்ந்தால் 5,000 லிட்டரில் 29 லிட்டர் சுருங்கும், அது திருட்டல்ல. அதற்கு மேல் குறைந்தால் கேளுங்கள். லோரி கிளம்புமுன் அதன் குழாயிலிருந்து ஒரு லிட்டர் பிடித்து, தேதியும் லோரி எண்ணும் எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தும் வாங்கி, அடுத்த லோரி வரும்வரை இருட்டு அலமாரியில் வையுங்கள்.